சோறு கட்டிய கை

சூலூரில் திருச்சிச் சாலையை ஒட்டி வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னை ஒரு கேள்வியால் மடக்கினார். தம்மிடமுள்ள ஹஜ்ஜுப் பயண நூல்களை மேசைமீது அடுக்கிவைத்து, "இவற்றில் கப்பல் உண்டு, கண்ட ஊர்கள் உண்டு, வழியனுப்ப வந்த பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலும் உண்டு. சோறு கட்டிக் கொடுத்தவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் பாய்" என்றார். அன்றிரவே அவற்றைப் புரட்டினேன். நண்பர் சொன்னதே சரி.

கொங்கு நாட்டில் இக்கேள்வி எழுந்தது வியப்பன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரையையும் சோழநாட்டையும் இணைத்த பெருவழிகள் இந்நாட்டின் ஊடே சென்றன. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு கிடைத்துள்ளது. வழி நீண்டால் சோற்று மூட்டையும் வேண்டும். கருவுற்ற மகளுக்குத் தாய்வீட்டார் பலவகைச் சோறு ஆக்கிக் கொண்டுவரும் சடங்குக்கும் இங்கே கட்டுச்சோறு என்றே பெயர். கணவாய்க்கு அப்பால் மலையாளத்தாரோ பொதிச்சோறு என்ற நம் பழஞ்சொல்லை இன்றும் கைவிடாமல் வைத்திருக்கின்றனர்.

சோறு கட்டுவது எளிய வேலை என்று எண்ணுவோர் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும். சோற்றை உதிரியாக வடித்து, விரித்து ஆறவைத்த பின்னரே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து, நண்பகலுக்குள் ஊசிப்போகும். வாழையிலையைத் தணலில் வாட்டாவிட்டால் மடிப்பில் கிழியும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்ப்பர். அது போகும் வழியிலேயே உறைந்து, உண்ணும் வேளையில் புளிப்பேறாமல் இருக்கும். தூக்குப்போசியில் எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது என்பதற்கும் முறையுண்டு. எவ்வேளையில், எந்த வெயிலில், யார் உண்பார் என்பதை அடுப்படியிலிருந்தே கணக்கிடும் அறிவு இது.

இவ்வறிவுக்குத் தமிழ் இலக்கியம் தந்த இடம் என்ன? ஆற்றுப்படை நூல்கள் வழியுணவை வாரி வழங்குகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் என ஒவ்வொருவரும் பாணனுக்கு இடும் உணவு தனித்தனியே கூறப்படுகிறது. ஆயினும் அவையெல்லாம் பிறர் இடும் விருந்து. பாணன் தன் வீட்டிலிருந்து எதையும் கட்டிக்கொண்டு புறப்படுவதில்லை. ஏன் என்பதற்குச் சிறுபாணாற்றுப்படையே விடை தருகிறது. உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ணும் வறுமை அவன் வீட்டில் இருக்கிறது. கட்டுவதற்குச் சோறு இருந்தால் அல்லவா கட்டுவார்கள்! புலவர்களைக் குறைகூற இங்கே இடமில்லை.

பெரியபுராணத்தில் பொதிசோறு வந்துவிடுகிறது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் தளர்ந்த நாவுக்கரசருக்கு, இறைவனே அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். உருக்கமான காட்சிதான். ஆனால் அங்கே பொதி உண்டு. பொதிந்த அடுக்களை இல்லை. நாலடியாரில் வரும் தோட்கோப்பு என்னும் அழகிய சொல்லும் தோளில் தொங்கும் சோற்று மூட்டையைச் சுட்டிவிட்டு, உடனே மறுமைக்குரிய அறமாக உயர்ந்துவிடுகிறது. உவமை சிறந்தது; மூட்டைதான் மறைந்துபோகிறது.

நம் எழுத்தாளர்களும் இதே வழியில்தான் செல்கின்றனர். 'வழித்துணை உணவைத் தேடிக்கொள்ளுங்கள். அவ்வுணவில் மிகச் சிறந்தது இறையச்சமே' என்னும் கருத்துடைய திருவசனத்தை (2:197) எடுத்தாளாத ஹஜ்ஜு நூல் அரிது. எடுத்தாண்ட மறுகணமே பிற்பகுதிக்குத் தாவி, இறையச்சத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவர். முற்பகுதி என்ன பாவம் செய்தது? இறைவன்மேல் பாரம் போட்டதாகச் சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, மக்காவில் மக்களிடம் கையேந்தி நின்ற யமன் நாட்டாரைக் குறித்தே அவ்வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. உண்மையான சோற்று மூட்டை முதலில். உவமை அதன் பின்னரே. மூட்டையைப் பற்றி எழுதுவது ஆன்மிகத்துக்கு இழுக்கு என்று ஒருவர் வாதிட்டால், ஹஜ்ஜைப் பற்றிய வசனத்திலேயே அது நிற்பதை அவருக்குக் காட்டலாம்.

கி.பி. 622-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை நீங்கித் தவ்ர் குகைக்குப் புறப்பட்ட வேளை. வீட்டில் அவசர அவசரமாக உணவு ஆக்கித் தோல்பையில் இட்டனர். பையின் வாயைக் கட்டக் கயிறில்லை. மூத்த மகளார் அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்து, ஒரு பாதியால் உணவுப் பையையும் மறு பாதியால் நீர்த்துருத்தியையும் கட்டினார். 'தாத்துந் நிதாக்கைன்', அதாவது இரு கச்சையுடையார், என்னும் சிறப்புப் பெயர் அதனால் வந்தது. வரலாறு ஒரு பெண்மணிக்குச் சோறு கட்டியதற்காகப் பட்டம் சூட்டியிருக்கிறது!

இதன் பிற்கதை பலர் அறியாதது. அவருடைய மகன் அப்துல்லாஹ் இப்னு ஜுபைரை (ரலி) ஷாம் நாட்டார் 'இரு கச்சைக்காரி மகனே' என்று ஏசினர். வேலைக்காரப் பெண்ணின் உடையைச் சொல்வதுபோல் எண்ணி ஏசியிருக்க வேண்டும். அஸ்மா (ரலி) மகனிடம் நடந்ததை எடுத்துரைத்தார். புகாரியில் இச்செய்தி உணவைப் பற்றிய பகுதியில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. சோறு கட்டுவதை இழிவாக எண்ணும் கண் அன்றும் இருந்தது. அதற்கு மறுமொழியும் அன்றே கிடைத்தது.

பம்பாயிலிருந்து 1995 வரை கப்பல் வழியாக ஹஜ்ஜுக்குச் சென்றனர். எங்கள் பெரியத்தா அவ்வாறு சென்றவரே. பெரியம்மா இரண்டு மாதமாக மாவு வறுத்தார், மிளகாய் இடித்தார், காக்கைக்குக் காவலிருந்து உப்புக்கண்டம் காயவைத்தார், எல்லாவற்றையும் துணியில் முடிந்து தகரப் பெட்டியில் அடுக்கினார். பெரியத்தாவின் பயணக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. நண்பரின் கேள்விக்குப் பிறகு அதையும் எடுத்துப் பார்த்தேன். கப்பலின் நீளம் இருக்கிறது. கடல் கொந்தளித்த நாள் இருக்கிறது. 'உப்புக்கண்டம் ஜித்தா வரையில் கெடவில்லை' என்று ஒரு வரியும் இருக்கிறது. காயவைத்தவர் பெயர் இல்லை.