உறங்காத பாசறை

போடிநாயக்கனூருக்கு இரயில்பாதை வந்தது 1928-ஆம் ஆண்டில். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, போரின் தேவைக்கென அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பிறகே, 1950-களில், அவை மீண்டும் இடப்பட்டன. போர் எடுத்துச் சென்ற இரும்பு இவ்வாறு ஊருக்குத் திரும்பிவிட்டது. போருக்குச் சென்ற மனிதர்களின் உறக்கம் திரும்பியதா? இந்த வினாவோடு நம் இலக்கியத்தின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

நம் தமிழ் மரபு வீரத்தைப் போற்றிய மரபு. மகன் மார்பில் புண்பட்டு இறந்தான் என்று கண்டு பெருமிதம் கொண்ட தாயைப் புறநானூறு காட்டுகிறது. நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் மாண்ட ஒருவனை நினைவுகூர்கிறது. இறந்தவனுக்குக் கல் நாட்டினோம், பாட்டும் கட்டினோம். உயிரோடு திரும்பி வந்தவனுக்கு என்ன வைத்தோம்? அவன் எதைச் சுமந்து வந்தான் என்று கேட்ட புலவர் எத்தனை பேர்?

மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார். 103 அடிகளே கொண்ட இச்சிறு பாட்டைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் தலைவியின் பிரிவுத்துயர் பற்றியதாகவே படித்தோம். ஆனால் அதன் நடுவில் ஒரு பாசறை இருக்கிறது. அங்கே அரசன் உறங்காமல் கிடக்கிறான். ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்க, மற்றொரு கை தலையைத் தாங்கியிருக்கிறது. அவன் எண்ணுவது வரப்போகும் வெற்றியை அன்று. புண்பட்ட யானைகளை நினைக்கிறான். உண்ட சோற்றுக்குக் கடன் தீர்த்து மாண்ட மறவரை நினைக்கிறான். அம்பு தைத்த வலியால் தீனி உண்ணாது வருந்தும் குதிரைகளை நினைக்கிறான். புலவர் இவற்றைச் சொல்லிவிட்டு அறிவுரை ஏதும் கூறாமல் நகர்ந்துவிடுகிறார். அவ்வடக்கத்தினாலேயே அவ்விரவு நம் நெஞ்சில் தங்குகிறது.

எனினும் ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. இங்கே உறங்காதவன் அரசன். கூடாரத்துக்கு வெளியே காவல் நிற்கும் எளிய வீரனின் உள்ளம் பாடப்படவில்லை. அரசனின் இரக்கமும் தன் படையோடு நின்றுவிடுகிறது. தன் வாளால் வீழ்ந்தவனுக்காக அவன் விழித்திருப்பதாகப் பாட்டு கூறவில்லை.

எளியவனின் உள்ளத்தைத் தமிழில் காண நாம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1959-இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ அதைத் தந்தது. போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் வாழ்ந்து, பின் மதுரையில் நாளிதழ்ப் பணி செய்து, 1997-இல் மறைந்தவர் சிங்காரம். அவருடைய நாயகன் செல்லையா, பினாங்கில் வட்டிக்கடை ஒன்றில் பணியாற்றியவன். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் அதே கடைக்குத் திரும்புகிறான். துப்பாக்கி ஏந்திய கை கணக்கெழுதப் பயன்படாது என்று முதலாளி கருதுகிறார். அவர் மகள் மரகதத்தை மணக்கும் கனவு அவனுக்குக் கைகூடவில்லை. போர்க்களத்தில் தோற்காத ஒருவன் கடைத்தெருவில் தோற்கிறான். செல்லையாவின் பழைய வாழ்வு அங்கேயே இருக்கிறது. அதில் அவனுக்கு மட்டும் இடமில்லை. இதைப் புலம்பலின்றி எழுதியதே சிங்காரத்தின் வலிமை.

ஆனால் முடிவில் செல்லையா தன் துயரைத் தன் மன உறுதி ஒன்றைக் கொண்டே கடக்க முயல்கிறான். அம்முடிவு உண்மையானது, ஆயினும் தனிமையானது. ஒருவன் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளலாம். தன்னைத்தானே மன்னித்துக்கொள்ள இயலுமா? நாவல் அவ்வினாவைத் தொடாமலே நின்றுவிடுகிறது.

அவ்வினாவை நம்மிடம் கொண்டுவந்தவர் ஒரு முன்னாள் இராணுவ வீரர். போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் இரவெல்லாம் சூட்டைக் கவனிப்பது அவர் வேலை. “எனக்கு எப்படியும் ராத்திரி தூக்கம் வராது சாமி, சம்பளமாவது வரட்டும்” என்பார் சிரித்துக்கொண்டே. ஒவ்வோர் ஆண்டும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு வந்து, பெயர் தெரியாத ஓர் ஆன்மாவுக்காகப் பூசை எழுதுவார். ஒருமுறை காரணம் கேட்டோம். (ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று, பங்கு இல்லத் திண்ணையில் கேட்டது. அவருடைய ஒப்புதலோடே எழுதுகிறோம்.) 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தபோது அவரும் அங்கே இருந்தார். “அவன் பேரு எனக்குத் தெரியாது சாமி. நம்ம பாசையிலதான் தண்ணி கேட்டான்” என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

நாம் உடனே, “அது பாவமில்லைங்க, உங்க கடமையைத்தானே செஞ்சீங்க” என்றோம். குருமடத்தில் கற்ற நீதிப்போர்க் கோட்பாடு நாவின் நுனியில் ஆயத்தமாக இருந்தது. அவர் எழுந்து, “பாவமான்னு நான் கேக்கல சாமி” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

அப்படையில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டனர். அங்கே உயிரிழந்த தமிழ் மக்களின் துயரோ தனிப்பெருங்கடல். 1990 மார்ச்சில் படை சென்னையில் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அதன் அரசியல் நியாயங்களை இங்கே எடைபோட நாம் வரவில்லை. தம் மொழி பேசுவோரை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய தமிழ் வீரர், வீர வணக்கத்தையும் ஏற்க இயலாமல், குற்றச்சாட்டையும் மறுக்க இயலாமல், வாய்மூடி வீடு திரும்பினார் என்பதையே சொல்கிறோம். செல்லையாவின் கதை இப்படி மறுபடியும் நடந்தது. எழுதத்தான் ஒரு சிங்காரம் இல்லை.

வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், 1994-இல் அவர்களுடைய துயரை ஹோமரின் இலியட் காவியத்தோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அச்சத்தினால் வரும் காயம் வேறு, மனச்சான்றில் படும் காயம் வேறு என்பதை அத்தகைய ஆய்வுகள் உணர்த்தின. மனச்சான்றின் காயத்துக்கு ‘கடமை’ என்னும் சொல் மருந்தாகாது.

திருச்சபையின் பழைய மரபு இதை அறிந்திருந்தது. போர் முடிந்து வந்தோர் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கித் தூய்மை பெற வேண்டும் என்று எண்ணிக்கை நூலின் 31-ஆம் அதிகாரம் பணிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் தூய பேசில், போரில் கொன்றவரைக் கொலைகாரர் என்று கருதாமலே, மூன்றாண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருக்க அவருக்கு அறிவுரை கூறலாம் என்றார். குருமடத்தில் இதைக் கடுமை என்றே எண்ணினோம். ‘உனக்கு நேர்ந்தது சிறிதன்று, நாங்கள் காத்திருக்கிறோம்’ என்னும் பொருள் அதில் இருப்பதை இன்று காண்கிறோம். ஏலத்தோட்டத்து நண்பர் நம்மிடம் தேடியதும் அதுவே. நாமோ அவரை ஒரே வாக்கியத்தில் விடுவித்து அனுப்பிவிட்டோம்.

இவ்விடத்தில் நக்கீரரின் நெடுநல்வாடை நமக்கு ஆசிரியராகிறது. அங்கேயும் அரசன் நள்ளிரவில் உறங்கவில்லை. ஆனால் அவன் படுக்கையில் கிடக்கவில்லை. வாடைக்காற்றில் விளக்குகள் அசைய, துளிகள் வீச, சிலரோடு பாசறையில் நடந்து, புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று காண்கிறான். நினைத்து வருந்துவது முல்லைப்பாட்டின் அறம். எழுந்து செல்வது நெடுநல்வாடையின் அறம். நல்ல ஆயனுக்கு உரியது இரண்டாவது.

சென்ற அக்டோபரில் நாமே போடிமெட்டுச் சரிவுக்குச் சென்றோம். ஸ்டோரின் வெம்மையில், ஏலக்காய் மணத்தில், விடியும் வரை அவரோடு அமர்ந்திருந்தோம். அவர் பேசியது சிறிது. நாம் பேசியது அதனினும் சிறிது. புறப்படும்போது பூசைக்குக் காணிக்கையை நீட்டினார். பதிவேட்டில் பெயர் எழுதும் கட்டத்தில் ‘இறைவன் அறிவார்’ என்று எழுதினோம். நவம்பர் 2-ஆம் நாள் திருப்பலிக்கு அவர் வந்து கடைசி வரிசையில் நின்றார்.

இறைமக்களே, உங்கள் பங்கிலும் கடைசி வரிசையில் இப்படி ஒருவர் நிற்கக்கூடும். அவருக்கு மாலை போடுமுன், தீர்ப்புச் சொல்லுமுன், ஓர் இரவு அவரோடு விழித்திருங்கள்.