தோள் மாற்றத் தெரிந்தவர்கள்

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியை நன்றாகச் செய்தார்களா என்று கேட்டால், பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா வேகமா அமுக்குனாங்க." வேகம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நிமிடத்துக்கு 120 தடவையைத் தாண்டினால் ஆழம் குறைய ஆரம்பிக்கும்; பார்க்கிறவர் மெச்சும் இடத்திலேயே தரம் கெட்டிருக்கலாம்.

விதி சொல்லும் கணக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரியவர்களுக்கு ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6-ஐத் தாண்டக் கூடாது. 5 செ.மீ. என்பது ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் நீளம். பயிற்சிப் பொம்மையில் சரியான ஆழம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். ஆள் மேல் அழுத்தும்போது கேட்பது விலா எலும்பு முறியும் சத்தமாகவும் இருக்கலாம். அதற்குப் பயந்து கையைத் தளர்த்துவதுதான் பெரிய தவறு.

அழுத்தும்போது கழுத்து நாடியையோ தொடை நாடியையோ தொட்டுப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். விரலில் படும் துடிப்பு சிரையில் பின்னோக்கித் தள்ளப்பட்ட இரத்தமாகவும் இருக்கலாம். மூச்சில் வெளியேறும் கரியமில வாயு அதைவிட நம்பகமான சாட்சி. அளவு 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே கிடந்தால் அழுத்தத்தில் எங்கோ பிழை என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் அதை அளக்கக் குழாயும் மானிட்டரும் வேண்டும்.

கொடைக்கானல் மலைக் கிராமமான வெள்ளகவியில் அவற்றுக்கு எங்கே போவது? வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் தாண்டி இறங்கும் ஒற்றையடிப் பாதையில், நோயாளியை டோலி கட்டித் தூக்கியே பழகிய ஊர். யாராவது சுருண்டு விழுந்தால் முதலில் எழும் குரல் "தூக்குங்கப்பா" என்பதாகத்தான் இருக்கும். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அது சரி. இதயம் நின்றவருக்கு அதுவே கேடு. தொங்கும் துணியில் கிடக்கும் நெஞ்சை அழுத்தினால் துணிதான் தாழும், நெஞ்சு தாழாது. மேடு ஏறிக்கொண்டே அழுத்தவும் முடியாது. கெட்டித் தரையில் கிடத்தி, அங்கேயே அழுத்த வேண்டும்.

கருவி இல்லாத இடத்தில் பக்கவாட்டில் நிற்பவரின் கண்தான் கருவி. அழுத்துபவரின் முழங்கை மடங்குகிறதா? மடங்கினால் உடம்பின் பாரம் இறங்கவில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வருகிறதா? கை சாய்ந்தே கிடந்தால் இதயம் நிரம்ப வழியில்லை.

களைப்பை மட்டும் அழுத்துபவரிடம் கேட்கக் கூடாது. 1995-ல் ஹைடவர் குழு வெளியிட்ட ஆய்வில், முதல் நிமிடத்தில் 93 விழுக்காடு அழுத்தங்கள் சரியாக இருந்தன. ஐந்தாம் நிமிடத்தில் 18. அழுத்தியவர்களுக்கோ தாங்கள் தளர்ந்தது தெரியவில்லை. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள். டோலி சுமந்தவர்களுக்கு இது புதுப் பாடமல்ல. கால் தடுமாறும் வரை காத்திருந்தா தோள் மாற்றுவார்கள்?

ஆகவே ஆழம், வேகம், மீளல், இடைவிடாமை என்ற நான்கில் வெள்ளகவிக்கு நான் முதலிடம் தருவது கடைசிக்குத்தான். டோலியில் ஏற்றிய நொடியில் மற்ற மூன்றும் வீண். ஆனால் இந்த நான்கிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும், பெரியவர்களின் திடீர் இதய நிறுத்தத்தில் அழுத்தம் பெரும்பாலும் நேரத்தைத்தான் வாங்கித் தரும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நேராக்க மின்னதிர்ச்சி வேண்டும். அதைத் தரும் ஏ.இ.டி. பெட்டி கொடைக்கானலில் இருந்து என்ன பயன்? அது ஊருக்குள் இருக்க வேண்டும், பேட்டரி தீராமல்.