சந்தை நடுவே ஒரு பாட்டு

அறியாமைக் காலத்து அரபு நாட்டில் உக்காழ் சந்தை பெரும் புகழ் பெற்றிருந்தது. பண்டங்கள் விலை பேசப்பட்ட அதே திடலில் கவிஞர்கள் தம் கஸீதாக்களைப் பாடிப் போட்டியிட்டனர். சந்தை நடுவே நின்று பாடும் கவிஞன், சந்தையைப் பற்றியே உண்மை பேச முடியுமா? எம் மாணவர் ஒருவர் கேட்கத் தந்த அமெரிக்கப் பாட்டுத் தொகுதி இக்கேள்வியை எம்முன் நிறுத்தியது.

அது ‘ஹிப் ஹாப்’ வகையைச் சேர்ந்தது. அப்பெயர் கேட்டதும் முகம் சுளிப்போருள் நாமும் ஒருவராக இருந்தோம். 1973இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஏழைக் கறுப்பின இளைஞரிடையே தோன்றிய கலை இது. இதில் இராகத்தைவிடச் சொல்லுக்கே தலைமை. அரபியர் ‘ஸஜ்உ’ என்றும் நம் யாப்பு நூலார் ‘இயைபு’ என்றும் போற்றும் ஈற்றொலி ஒப்புமையே இதன் உயிர். ஆதலின் காதுக்கு இரைச்சலாகத் தோன்றினும், சொல்லைக் கொண்டே இதனை எடைபோட வேண்டும்.

‘ஹீ காட் கேம்’ என்னும் இத்தொகுதியை ‘பப்ளிக் எனிமி’ குழுவினர் 1998 ஏப்ரலில் வெளியிட்டனர். அடுத்த மாதம் திரைக்கு வந்த ஸ்பைக் லீயின் அதே பெயருடைய படத்துக்காக ஆக்கப்பட்டது இது. கோனி ஐலண்ட் பகுதியில் கூடைப்பந்தில் நாடறிந்த பள்ளி மாணவன் ஒருவன். அவன் தந்தையோ மனைவியின் சாவுக்குக் காரணமாகிச் சிறையில் இருப்பவர். மகனை ஆளுநர் விரும்பும் கல்லூரியில் சேரச் செய்தால் தண்டனை குறையும் என்ற ஆசை வார்த்தையோடு, அவர் ஒரு வாரம் வெளியே அனுப்பப்படுகிறார். பெற்ற தந்தையும் மகனை விலை பேச வரும் அவலமே கதையின் கரு. தந்தையாக டென்சல் வாஷிங்டனும், மகனாக உண்மையிலேயே கூடைப்பந்து வீரரான ரே ஆலனும் நடித்தனர்.

விளையாட்டுப் படங்களின் பாடல்கள் பெரும்பாலும் வெற்றிக்கு வெறியூட்டுவன. இத்தொகுதியோ ஆட்டத்தில் வெல்பவன் யாரென்று கேட்கவில்லை. ஆட்டத்தால் கொழுப்பவன் யாரென்று கேட்கிறது. ஒரு பாட்டு தரகரைச் சாடுகிறது. மற்றொன்று ஏழைச் சிறுவரின் ஆசையை மூலதனமாக்கும் காலணி வணிகரைச் சாடுகிறது. தலைப்புப் பாட்டு, 1966இல் லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர்கள் காவலரோடு மோதியதையொட்டி ஸ்டீபன் ஸ்டில்ஸ் இயற்றிய பாட்டின் இசையை அடித்தளமாகக் கொண்டது. ஸ்டில்ஸே வந்து இதில் பாடியுமிருக்கிறார். ஒரு தலைமுறையின் எதிர்ப்புக் குரலோடு அடுத்த தலைமுறை தன் குரலைச் சேர்த்துக்கொள்ளும் இவ்விடமே தொகுதியின் சிகரம் என்போம்.

குறைகளும் உள. சில இடங்களில் சொற்கள் நாகரிகம் குன்றி, குடும்பத்தோடு கேட்கத் தக்கனவாக இல்லை. வெறும் ஆட்டத்துக்கென்றே அமைந்த பாட்டும் இடையில் புகுந்து கருத்தின் வலிமையைக் குறைக்கிறது. படமோ பின்னணி இசைக்குப் பெரிதும் ஏரன் காப்லண்டின் வாத்தியக் கோவைகளையே நாடியது. அதனால் பாட்டும் படமும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிப்பது போலாயின. 1988இல் இக்குழு வெளியிட்ட தொகுதியில் இருந்த ஒலிச் செறிவும் இங்கில்லை. பிறர் இசைத்தட்டின் துணுக்குகளை அனுமதியின்றி எடுத்தாள்வது திருட்டே என நியூயார்க் நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தபின், துணுக்குகளை அடுக்கி இசை நெய்வது பெருஞ்செலவாகிவிட்டது.

இவற்றினும் பெரிய முரண் ஒன்றுண்டு. காலணி வணிகரைச் சாடும் பாட்டை ஏற்றுக்கொண்ட இயக்குநர், 1980களின் இறுதியில் நைக்கி காலணிக்காக மைக்கேல் ஜோர்டனோடு விளம்பரப் படங்களை எடுத்தும் நடித்தும் இருந்தார். இப்படத்திலும் சிறையிலிருந்து வந்த தந்தை அணிவது ஜோர்டன் பெயர் தாங்கிய காலணியே. அக்காலணி பின்னாளில் ‘ஹீ காட் கேம்’ என்ற பெயராலேயே கடைகளில் விற்பனைக்கு வந்தது! தன்னைத் தூற்றிய பாட்டின் பெயரையே சந்தை தன் சரக்கின் பெயராக்கிக்கொண்டது.

அதனால் பாட்டு பொய்த்ததா? இல்லை. 1998இல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தம் புகழைக் கொண்டு பொருளீட்ட விதி இடந்தரவில்லை. அவர்கள் ஆட்டத்தை வைத்துப் பிறரே ஈட்டினர். 2021இலேதான் அவ்வுரிமை அவர்களுக்குக் கிடைத்தது. கவிஞன் முன்னரே கேட்ட கேள்வி நியாயமானது என்பதற்கு இதுவே சான்று.

சந்தையில் நின்று பாடியவனின் ஆடையில் சந்தைப் புழுதி படியத்தான் செய்யும். புழுதியைக் கண்டு அவன் சொல்லைத் தள்ளுவதும் முறையன்று. சொல்லின் அழகில் மயங்கிப் புழுதியை மறப்பதும் முறையன்று. நம் பிள்ளைகள் இத்தகைய பாட்டுகளைக் கேட்கும்போது ‘நிறுத்து’ என்று அதட்டுவதைவிட, ‘என்ன சொல்கிறான், பொருள் கூறு’ என்று அருகமர்ந்து கேட்பது நலம். பொருள் கூறத் தெரிந்த பிள்ளை, காலணியின் விலைச்சீட்டையும் சற்று நின்றே படிக்கும்.