கொட்டிலுக்கு நேரம் தரும் பள்ளி

பள்ளிக்கூட மணியைப் பார்த்து ஆடு குட்டி போடுவதில்லை. தாயை இழந்த கன்றுக்குப் புட்டிப்பால் கொடுப்பதும், அடிபட்ட குதிரையின் காலுக்குக் கட்டு மாற்றுவதும் முதல் பீரியடு முடியும்வரை காத்திருக்காது. விலங்கு பராமரிப்புதான் தன் தொழில் என்று பதினைந்து வயதிலேயே முடிவுக்கு வந்துவிடும் அமெரிக்கப் பிள்ளைகள் சிலர், வழக்கமான பள்ளியை விட்டு இணையவழி உயர்நிலைப் பள்ளிக்கு மாறுவது இதனால்தான். ஃபுளோரிடா மாநிலம் 1997-இல் தன் மெய்நிகர் பள்ளியைத் தொடங்கியபோது புதுமையாகத் தெரிந்த ஏற்பாடு இன்று அங்கே யாரையும் வியக்க வைப்பதில்லை. பாடத்தைத் திரையில் படித்துவிட்டு மிச்சப் பொழுதைக் கொட்டிலில் கழிக்கும் இந்த முறை உண்மையிலேயே நல்ல விலங்குப் பராமரிப்பாளரை உருவாக்குகிறதா? நேரத்தை அது தாராளமாகத் தருகிறது. அந்த நேரத்தில் பிள்ளையின் கையைப் பார்த்துத் திருத்தும் ஆளைத் தருவதில்லை. இம்முறையின் நிறை, குறை இரண்டும் இங்கிருந்தே கிளைக்கின்றன என்பது என் கணிப்பு.

முதலில் நிறை. மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அதில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றால், நலமான மாட்டின் இரைப்பை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை புரண்டு கையை வெளியே தள்ளும். புரளல் குறைந்தால் தீனியில் ஏதோ கோளாறு. பள்ளமே மறைந்து பறை போல விறைத்திருந்தால் வயிற்று உப்புசம். புத்தகத்தில் இது இரண்டு வரி. கைக்குப் பிடிபட வேண்டுமானால் நலமான மாடுகளைப் பல நாள் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நோய் என்பதே நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுதான். நேற்று தின்ற அளவையும் போட்ட சாணத்தையும் பார்த்தவருக்குத்தான் இன்றைய மாற்றம் கண்ணில் படும். சனிக்கிழமை மட்டும் வரும் மாணவி மாட்டைப் பார்க்கிறாள்; தினமும் விடியலில் வருபவள் அதன் போக்கைப் பார்க்கிறாள். வழக்கமான பள்ளி தர முடியாத வசதி இது.

இந்த வசதியை ஒழுங்குபடுத்த அங்கே பழைய அமைப்புகளும் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய ஃபோர்-ஹெச் இயக்கம் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பணியோடு இணைந்து மாவட்டந்தோறும் நடக்கிறது. எந்தப் பள்ளியில் படித்தாலும் அதில் சேரலாம் என்பதால் இணையவழி மாணவர்களுக்கு அது பெரிய ஆதரவு. அங்கே பன்றியையோ செம்மறியையோ வளர்க்கும் பிள்ளை தீனியின் எடை, செலவு, விலங்கின் எடைக்கூடுதல் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுகிறது. பேர் வைத்து வளர்த்த பன்றி மாவட்டச் சந்தையில் ஏலம் போய் இறைச்சிக்கூடத்துக்குப் போவதையும் நின்று பார்க்கிறது. கொஞ்சுவது வேறு, பராமரிப்பது வேறு என்பதை எந்த வகுப்பறையும் இவ்வளவு கறாராகச் சொல்லித் தராது.

குறைகளுக்கு வருவோம். முதலாவதும் பெரியதும் கணிதம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெடோ மையம் 2015-இல் இணையவழி சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் இப்பள்ளிகளின் மாணவர்களை அவர்களை ஒத்த பிற மாணவர்களோடு ஒப்பிட்டபோது, ஆண்டுக்கு வாசிப்பில் 72 நாள் பாடத்துக்கும் கணிதத்தில் 180 நாள் பாடத்துக்கும் ஈடான பின்னடைவு தெரிந்தது. அமெரிக்கப் பள்ளி ஆண்டே ஏறக்குறைய 180 நாள்தான். எல்லா இணையவழிப் பள்ளிகளும் சார்ட்டர் பள்ளிகள் அல்ல. வழக்கமான பள்ளியில் ஏற்கெனவே தடுமாறியவர்கள் இங்கே வந்து சேருவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே கதி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த முறை எங்கே பலவீனமாக இருக்கிறதோ, அதே இடத்தில்தான் விலங்கு மருத்துவத்துக்குப் பலம் தேவைப்படுகிறது. 15 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வலி மருந்து; திரவத்தின் செறிவு மில்லிக்கு 1.5 மில்லிகிராம். ஒரு மில்லி போதும். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மில்லி உள்ளே போகும். விலங்கின் மேலுள்ள பாசம் இந்தப் பிழையைப் பிடித்துத் தராது.

இரண்டாவது குறை, மேற்பார்வை. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம், மருத்துவரின் மேற்பார்வையில் பெற்ற அனுபவத்தையும் மற்றபடி விலங்குகளோடு கழித்த அனுபவத்தையும் தனித்தனிக் கணக்காகவே கேட்கிறது. வீட்டில் நான்கு பூனை வளர்த்ததும் மருத்துவமனையில் பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்களுக்கு ஒன்றல்ல. இந்த வேறுபாடு சரியானது. தனியே கற்கும் ஆர்வம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பாராசிட்டமால் ஒன்றே போதும்: மனிதருக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு உயிரைக் குடிக்கும் விஷம். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இல்லாத இடத்தில் கிடைக்கும் நேரம், தவறான பழக்கத்தை ஊறவைக்கவும் செய்யும். அங்கே பல காப்பகங்கள் பதினெட்டு நிரம்பாதவர்களைப் பெரியவர் துணையின்றி உள்ளே விடுவதில்லை. ஆகவே பகலெல்லாம் ஓய்வாக இருக்கும் மாணவிக்கு, அந்தப் பகலில் கூட்டிப் போகவும் ஓர் ஆள் வேண்டும். பண்ணை வீட்டுப் பிள்ளைக்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அது இருக்கும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கு மிச்சமாவது நேரமும் கைபேசியும்தான்.

மூன்றாவது, மனிதர்கள். விலங்கு மருத்துவம் மனிதரைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கான தொழில் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பள்ளியில் கேலிக்கு ஆளாகி விலங்குகளிடம் ஆறுதல் தேடும் பிள்ளைக்கு இணையவழிக் கல்வி புகலிடமாகவும் தெரியும். சில காலத்துக்கு அது தேவைப்படலாம். ஆனால் நாய் தன் நோயைச் சொல்லாது. உரிமையாளர்தான் சொல்வார், பாதியை மறைத்தும் சொல்வார். இனிப் பிழைக்காது என்பதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது ஊசி போடுவதைவிடக் கடினம். கருணைக்கொலைக்கு உடனிருந்துவிட்டு வந்த நாளில் மனதைக் கொட்ட நண்பர்களும் வேண்டும். 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அந்நாட்டுப் பெண் கால்நடை மருத்துவர்கள் தற்கொலையால் இறப்பதற்கான வாய்ப்பு பொதுமக்களைவிட 3.5 மடங்கும் ஆண்களுக்கு 2.1 மடங்கும் அதிகம் என்று காட்டியது. இவ்வளவு பாரம் சுமக்கவிருக்கும் தொழிலுக்குத் தனிமையில் பழகுவது நல்ல முன்தயாரிப்பு ஆகாது.

ஆய்வுக்கூடக் குறையையும் சிலர் சுட்டுவார்கள். திரையில் தவளையை அறுத்துப் பார்ப்பதில் ஓர் உயிராவது மிஞ்சுகிறது என்பதால் அதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. வேதியியலில் அளந்து, ஊற்றி, நிறம் மாறுவதைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போவதுதான் உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் இதைப் பின்பற்ற நினைக்கும் பெற்றோர் கணக்கை வேறுவிதமாகப் போட வேண்டும். 1989 முதல் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக வீட்டிலிருந்தே பிளஸ் டூ எழுத இங்கும் வழி உண்டு. ஆனால் அமெரிக்காவில் பள்ளிக்கும் நான்காண்டு விலங்கு மருத்துவப் படிப்புக்கும் நடுவே கல்லூரிக் காலம் இருக்கிறது. பள்ளியில் விட்ட கணிதத்தையும் வேதியியலையும் அங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். இங்கே பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ராங்க் பட்டியல் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணில் நிற்கிறது. காப்பகத்தில் கூட்டிப் பெருக்கிய காலை நேரங்களுக்கு அதில் மார்க் கிடையாது. கட்-ஆஃப் அரை மதிப்பெண்ணில் தவறினாலும் அந்த ஆண்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அதே முறை, அங்கே ஈடுகட்டக்கூடிய சறுக்கல். இங்கே இடமே கைநழுவும் பிழை.

அதற்காக முறையையே தள்ளிவிட வேண்டியதில்லை. ஃபுளோரிடாவின் மெய்நிகர் பள்ளியிலேயே வழக்கமான பள்ளியில் இருந்துகொண்டு ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் இணையத்தில் படிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுவே அறிவான பங்கீடாகப் படுகிறது. கணிதமும் வேதியியலும் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து படிக்கட்டும்; வரலாறும் மொழியும் திரைக்குப் போகட்டும்; மிச்சமாகும் நேரம் கொட்டிலுக்கு. முழுமையாக இணையத்துக்கு மாறத் துடிக்கும் பிள்ளையிடம், ஆர்வம் எவ்வளவு என்று பெற்றோர் கேட்க வேண்டியதில்லை. அது எப்போதும் போதுமான அளவு இருக்கும். வாரத்தில் எத்தனை நாள், எந்த மருத்துவர் அல்லது எந்தப் பண்ணைக்காரர் பக்கத்தில் நின்று உன் கையைத் திருத்தப்போகிறார் என்று கேட்டால் போதும். அதற்குப் பெயரும் நாளும் சொல்லத் தெரிந்தால் மாறலாம். தெரியாவிட்டால், அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை பழைய பள்ளியிலேயே இருப்பது பிள்ளைக்கும் நல்லது, அவள் கையில் வரப்போகும் விலங்குகளுக்கும் நல்லது.