யாரும் திரும்பிப் பார்க்காத பாலம்

பாம்பன் என்றதும் நம் பாலப் பைத்தியங்கள் எல்லோருக்கும் ரயில் பாலம்தான் நினைவுக்கு வரும். 1914, ஷெர்சர் தூக்கு, அறுபத்து நாலு புயல், 46 நாளில் சரிசெய்து கொடுத்த ஸ்ரீதரன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தப்பில்லை, அத்தனையும் ஒப்பிக்கத் தகுந்தவைதான். ஆனால் அந்த ரயில் படங்களையெல்லாம் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே, அதைவிட உயரத்தில், 2.345 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலைப் பாலம் போகிறது. அதன் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் ஊர் உலகமே ரயில் பாலத்தை ரசிக்கிறது. நிற்கிற இடத்தை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

எனக்கு இரண்டில் சாலைப் பாலம்தான் ஒரு படி மேல். முழுப் பாலம்கூட வேண்டாம். நடுவில் கப்பல் போகிற அந்த 115 மீட்டர் கண்ணும் அதன் அடிவயிறும் போதும். மொத்தம் 79 கண். அதில் 64 கடலுக்குள். பெரும்பாலானவை அமரிக்கையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்டபம் பக்கத்திலிருந்து ஏற ஏற, தூண்கள் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே வரும். நடுவுக்கு வந்ததும் கர்டரின் குணமே மாறிவிடுகிறது. தூணுக்கு நேர் மேலே ஆழமாகத் தடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் மெலிந்துகொண்டே போய், கண்ணின் நடுவில் ஒடுங்கி, எதிர்த் தூணிலிருந்து வரும் கையைத் தொடுகிறது. அந்த வளைவை யாரும் அழகுக்காக வைக்கவில்லை. எங்கே வளைக்கும் விசை அதிகமோ அங்கே சதை வைத்திருக்கிறார்கள், எங்கே குறைவோ அங்கே கழித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தது. அதுவே அழகாக வந்து நிற்கிறது.

அந்த இடத்தில் வேறு எந்த முறையில் கட்டியிருந்தாலும் இந்த வடிவம் வந்திருக்காது. கப்பல் போகும் வழியில் கீழேயிருந்து முட்டுக் கொடுத்துச் சென்ட்ரிங் அடிக்க முடியாது. அதனால் கேன்டிலீவர். தூணின் தலையில் தொடங்கி இடமும் வலமும் ஒரே அளவில், காவடி மாதிரி, நீட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பக்கம் ஒரு துண்டு என்றால் அந்தப் பக்கமும் ஒரு துண்டு. சேர்த்த துண்டுக்குள் ஓடும் எஃகுக் கம்பிகளை ஜாக்கி வைத்து இழுத்து முடுக்கிய பிறகுதான் அடுத்த துண்டு. ஒரு பக்கம் ஆசைப்பட்டு முந்திக்கொண்டால் தூணுக்கு ஆபத்து. எல்லாம் முடிந்து இரண்டு கைகளும் நடுவானில் சந்திக்கும்போது மட்டம் பிசகினால் அத்தனை பேர் முன்னிலும் மானம் போகும். உல்ரிச் ஃபின்ஸ்டர்வால்டர் 1950 வாக்கில் ஜெர்மனியில் லான் ஆற்றின்மேல் செய்து காட்டிய வித்தை இது. ஆற்றின்மேல் செய்வது வேறு. வடகடலும் தென்கடலும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும் பாம்பன் வாயில் செய்வது வேறு.

1974இல் தொடங்கிய வேலை. அப்போது பிரதமர் இந்திரா காந்தி. 1988 அக்டோபர் 2 அன்று திறந்து வைத்தவர் அவர் மகன் ராஜீவ். இடையில் 14 வருடம். திறந்த வருடம், எம்.ஜி.ஆர். மறைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்த வருடம். தமிழ்நாட்டின் இவ்வளவு பெரிய பாலத்துக்கு, முதலமைச்சர் என்று ஒருவர் பதவியிலேயே இல்லாத திறப்பு விழா வாய்த்தது. 14 வருடமா என்று இன்று சிரிக்கிறவர்கள், அதே காலத்துக் கேன்டிலீவர் பாலங்கள் மற்ற இடங்களில் என்ன ஆயின என்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். 1970இல் திறந்த கோவா மாண்டவி பாலம், உள்ளே இழுத்துக் கட்டிய கம்பிகள் துருப்பிடித்து, 1986இல் ஆற்றில் விழுந்தது. பாம்பனில் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. பாட்னாவின் காந்தி சேது 1982இல் திறந்தபோது ஐந்தரைக் கிலோமீட்டர் பெருமிதம். கண்களின் நடுவே வைத்த கீல்கள் தொய்ந்து, கடைசியில் மேலே இருந்த கான்கிரீட்டை முழுக்கப் பெயர்த்துவிட்டு எஃகுச் சட்டம் போட்டார்கள், 2022இல்தான் முடிந்தது. கங்கைக் காற்றில் உப்பு கிடையாது. பாம்பன் காற்றில் இரும்புக் கதவின் கீல் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும். அந்தக் காற்றில் நம் பாலம் இன்னும் பேருந்துகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

காயம் இல்லை என்று சொல்லவில்லை. கர்டர் இணைப்புகளில் இருக்கும் ஸ்பிரிங் பிளேட் உடைவதும், மாற்றுவதும், மறுபடி உடைவதுமாகப் பேப்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் செய்தி வந்தபடியே இருக்கும். நம்மில் சிலர் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைப்பதும் உண்டு. மேலே காரில் போகிறவருக்கு ஒவ்வொரு இணைப்பும் ஒரு சின்ன உதறல். கீழே இருந்து கேட்டால் கதை வேறு. ஒருமுறை தெரிந்தவர் ஒருவரின் வள்ளத்தில் நடுக் கண்ணுக்கு அடியில் போனோம். தலைக்கு மேலே அரசுப் பேருந்து ஒன்று போனது. பேருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. முன்சக்கரம் இணைப்பைத் தாண்டும்போது ஒரு ‘தட்’, பின்சக்கரத்துக்கு இன்னொன்று. இரண்டும் பெட்டிக் கர்டரின் வெற்றிடத்துக்குள் உருண்டு, அடுத்த தூண்வரை போய் அடங்கியது. கர்டரின் அடிப்பரப்பில் அச்சுப் பலகை விட்டுப்போன வரிகள், துண்டு துண்டாகச் சேர்த்த தடயங்கள், தூணோரம் பாசி ஏறிய மட்டம், எல்லாம் கழுத்து வலிக்கும்வரை பார்க்கக் கிடைத்தன. வள்ளக்காரருக்குச் சிரிப்பு. “எல்லாரும் ரயிலு பாலத்தத்தான் படம் எடுப்பாக. நீங்க என்ன சார், இங்கன அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கீக?” என்றார். என்ன பதில் சொன்னாலும் அவருக்கு அது ஒழுகலைத் தேடும் வேலையாகத்தான் பட்டிருக்கும்.

புது ரயில் பாலம் வந்ததிலிருந்து நம் ஆட்களின் அலட்டல் இன்னும் கூடிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்தார்கள், 72.5 மீட்டர் கண் அப்படியே நேராக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. இரண்டு பாலத்துக்கும் அடியில் ஓடுவது ஒரே கால்வாய். ரயில்காரர்கள் தூக்கை வானம்வரை தூக்கினாலும், சாலைப் பாலத்தின் வயிற்றில் இடிக்காத கலம்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியும். தூக்கு ஏறும், இறங்கும், ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். சாலைப் பாலம் அந்த உயரத்தை ஒரே ஒருமுறை தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகு யாரையும் தொந்தரவு செய்யாமல் நிற்கிறது.

திருநெல்வேலி நண்பர் ஒருவர் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு வில் வளைவு இருக்க வேண்டும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் வளைவுகள் வரிசையாக எழுந்து வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். “மேல ஒண்ணும் தெரியாத பாலத்துல என்னவே இருக்கு?” என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. வளைவு, கோபுரம், சாய்கம்பி எல்லாம் போகிறவனுக்கும் காட்சி தருகிறவை. அடியில் வேலை செய்யும் பாலம் போகிறவனுக்கு எதையும் காட்டாது. நீரில் இருப்பவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் மட்டுமே காட்டும். என் ருசி அந்தப் பக்கம். சாய்கம்பிப் பாலங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. சின்ன வாய்க்காலைத் தாண்டவும் ஒரு கோபுரம் நட்டு நாலு கம்பியைச் சாய்த்து, ராத்திரியில் ஊதா விளக்குப் போட்டால்தான் பாலம் என்று ஆகிவிட்டதில்தான் எரிச்சல். சென்னை நேப்பியர் பாலத்துக்கு 2022இல் சதுரங்கக் கட்டம் அடித்தபோது ஊரே கொண்டாடியது. எனக்கு அந்தக் கட்டங்களுக்கு நடுவே வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தது.

இப்போது கட்டுகிறவற்றைப் பற்றி என்ன சொல்ல? வேகம் பிரமிப்பாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திக் கர்டரைத் தூக்கி வைப்பதை வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றிருக்கிறேன், காவலர் விரட்டும்வரை. ஆனால் விடிந்து பார்த்தால், போன மாதம் வேறு ஊரில் பார்த்த அதே கர்டர், அதே தூண்தலை, அதே இடைவெளி. யார்டில் வரிசையாக வார்த்து லாரியில் ஏற்றி வருகிறார்கள். கீழே ஓடுவது பாலாறா, ஊருணியா, ரயில் பாதையா என்று கர்டருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் சாலையின் போக்கில். பழைய சாலைகள் ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் வந்து, திரும்பி, பிறகுதான் பாலத்தில் ஏறும். அந்தத் திருப்பத்தில் பாலம் முழுசாகப் பக்கவாட்டில் தெரியும். எத்தனை கண், என்ன வளைவு, தூணின் மூக்கு நீரோட்டத்தைப் பார்த்து எப்படிக் கூர்ந்திருக்கிறது, எல்லாம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நாற்கரச் சாலை நேராக வருகிறது, நேராகவே போகிறது. ஆற்றின் பெயர் எழுதிய பச்சைப் பலகையைப் பார்த்துத்தான் பாலத்தில் இருக்கிறோம் என்றே தெரிகிறது. தெரியும்போது பாலம் முடிந்துவிட்டது. இடது பக்கம் எட்டிப் பார்க்கலாம் என்றால் நெஞ்சளவு கான்கிரீட் தடுப்பு. பாதுகாப்புக்குத்தான், புரிகிறது. பழைய கைப்பிடியில் தூணுக்குத் தூண் இடைவெளி விட்டிருப்பார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீர் விட்டு விட்டு ஓடும்.

திருச்சி கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சாய்ந்ததோடு முடிந்துபோனது. பக்கத்தில் புதுப் பாலம் ஏற்கெனவே வந்துவிட்டதால் அழ யாருமில்லை. ஒரு சட்டத்தையாவது கரையில் நிறுத்தி, கட்டின வருடத்தைப் போட்டு ஒரு பலகை வைத்திருக்கலாம். இருக்கும் பாலத்துக்கே அது இல்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அன்னை இந்திரா காந்தி பாலம். திறந்தவர் பெயரும் தெரியும். நடுக் கண்ணின் கணக்கைப் போட்டது யார், இரண்டு கைகளும் சந்தித்தது எந்த நாள் என்று பாலத்தில் நிற்கிறவனுக்குச் சொல்ல ஒரு கல்கூட இல்லை. கைப்பிடியோரம் தேங்காய் பத்தை, மாங்காய்ச் சீவல் விற்பவர்களுக்கு ரயில் வரும் நேரம் மட்டும் துல்லியமாகத் தெரியும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அங்கே நிறுத்தக் கூடாது, நிறுத்தினாலும் ஒன்றும் தெரியாது. தாண்டிப் போய்ப் பாம்பனில் இறங்கி வடகடல் ஓரமாக நடங்கள். தென்பக்கம் போனால் ரயில் பாலம் மறைக்கும். வடக்குப் பக்கம் நின்றால் நடுக் கண்ணின் வளைவுக்குக் குறுக்கே எதுவுமில்லை. வெயில்தான் சிக்கல். பாலம் ஏறக்குறைய கிழமேலாகக் கிடப்பதால் வருடத்தில் பாதிக்கு மேல் வடமுகம் நிழலில்தான் இருக்கும், படம் எடுத்தால் கரிக்கோடு மாதிரி வரும். சூரியன் வடக்கே ஏறி நிற்பது சித்திரையில் தொடங்கி ஆவணி பாதிவரை. அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.