காதுக்குக் கேட்பது பாதி

“ஸ்லோவுல நிக்க மாட்டேங்குதுண்ணே.”

“ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் செட் பண்ணிடலாம் தம்பி.”

ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் வீடு திரும்பும் நேரத்தில், ஒரகடத்துச் சாலையோரப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மெக்கானிக் குந்தி உட்காருகிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் கால் சுற்று உள்ளே போகிறது, அரைச் சுற்று வெளியே வருகிறது. தலையைச் சாய்த்துக் கேட்கிறார். சத்தம் ஏறுகிறது, தடுமாறுகிறது, மறுபடி ஏறுகிறது. ஏறிய இடத்தில் நிறுத்துகிறார். ஐந்து நிமிட வேலை. கேட்பவர்கள் வியந்துபோகும் வேலையும்கூட.

இந்தக் கைப்பழக்கத்தை எடைபோட ஒரகடத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 1955-இல் திருவொற்றியூரில் வேரூன்றிய புல்லட், 2013-இல் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வந்தது. பிஎஸ்-6 புகை விதி 2020 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வரும் வரை, இங்கே தயாரான 350 சிசி புல்லட்டுகளிலும் கிளாசிக்குகளிலும் கார்புரேட்டர்தான் இருந்தது. அந்தக் கார்புரேட்டர்களைச் செய்து தந்த யூகால் நிறுவனம் பக்கத்து மறைமலைநகரில் இருக்கிறது. ஜப்பானின் மிக்குனியோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்து வளர்ந்த நிறுவனம் அது. பழைய புல்லட்டுகளின் கார்புரேட்டர் பக்கவாட்டில் ‘மிக்கார்ப்’ என்று பார்க்கிறோமே, அது இந்தக் கூட்டில் பிறந்த பெயர். ரேஸ் வண்டிகளுக்கு, பெட்ரோல் இறங்கும் துளை கொண்ட ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்க்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990 முதல் இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இயங்குகிறது. வாகனப் புகையை ஆய்வகத்தில் அளக்கும் உலகளாவிய வாகன ஆய்வு மையமும் ஒரகடத்திலேயே உள்ளது. துல்லியமான அளவுக் கருவிகளும், காதை மட்டும் நம்பும் பட்டறைகளும் சிறிது நேரம் வண்டி ஓட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதலில் காதுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். மெக்கானிக் தேடுவது ஒரு எண்ணை அன்று, ஒரு உச்சத்தை. ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்க்ரூவைத் திருப்பும்போது, பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் நன்றாக எரிகின்றனவோ அங்கே என்ஜின் வேகம் தானாக ஏறும். அதைத் தாண்டினால் இறங்கும். ஏறுவதையும் இறங்குவதையும் பிரித்தறிய மீட்டர் தேவையில்லை. மனிதக் காது ஒலியின் ஏற்ற இறக்கத்தை நுட்பமாகப் பிடிக்கக்கூடியது. புல்லட்டில் இது இன்னும் எளிது. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் விநாடிக்கு ஏழெட்டு முறைதான் வெடிக்கிறது. ஒவ்வொரு ‘பீட்’டும் தனித்தனியாக விழுவதால், ஒன்று தவறினால் காது உடனே காட்டிக்கொடுக்கும்.

ஆர்எக்ஸ்100-இல் அதே காது தடுமாறும். 1985-இல் எஸ்கார்ட்ஸ் தயாரிக்கத் தொடங்கிய அந்த யமஹா இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,300 சுற்று என்றால் விநாடிக்கு இருபதுக்கு மேல். துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ரீங்காரமாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் மெதுவாக ஓடும்போது இயல்பாகவே சில வெடிப்புகளைத் தவறவிடும். எது இயல்பு, எது கோளாறு என்று பிரிப்பது வெறும் காதுக்குக் கடினம். இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட ராஜ்தூத் 350-இல் சிக்கல் இரண்டு மடங்கு. ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில், ஒரே உயரத்துக்கு ஏற வேண்டும். அதை முதலில் கேபிளின் நீளத்தில் சரிசெய்ய வேண்டும். இரண்டு சைலன்சர்களின் வாயிலும் உள்ளங்கையை வைத்துக் காற்றின் உதைப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் மூத்த மெக்கானிக்குகள் உண்டு. காது தோற்கும் இடத்தில் கை பேசுகிறது.

ஆனால் இந்தத் திறமை முழுவதும் கார்புரேட்டரின் ஒரு மூலையைத்தான் தொடுகிறது. ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில், ஆக்சிலேட்டர் மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரைதான் ஸ்லோ ஜெட்டுக்கும் ஏர் ஸ்க்ரூவுக்கும் ஆட்சி. அதன்பின் கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை ஊசியும் அது இறங்கும் ஊசி ஜெட்டும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். சிங்கப்பெருமாள் கோயில் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி பெரும்பாலும் ஊசியில் ஓடுகிறது. அங்கே ‘பிக்கப் இல்லை’ என்றால் ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருப்பினாலும் பயன் மிகக் குறைவு. கார்புரேட்டரைக் கழற்றாமல் வெளியிலிருந்து திருப்ப வசதியாக இருப்பவை ஏர் ஸ்க்ரூ, ஐடில் ஸ்க்ரூ என்ற இரண்டே ஸ்க்ரூக்கள்தாம். கைக்கு எட்டுகிறது என்பதற்காகவே எல்லாக் கோளாறுக்கும் அவற்றையே திருப்புவது இந்தப் பழக்கத்தின் முதல் பெரும் குறை.

இன்னொரு குழப்பம், திருப்பும் திசையிலேயே இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டின் மிக்கார்ப்பில் அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்து காற்றைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். கிளாசிக் 350-இல் வந்தது வெற்றிடத்தால் ஸ்லைடு ஏறும் சிவி கார்புரேட்டர். அந்த வகையில் ஸ்க்ரூ பொதுவாக என்ஜின் பக்கம் இருந்து கலவையையே கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். ஒன்றில் கற்ற கை, மற்றொன்றில் நேரெதிராக வேலை செய்யும். சிவி கார்புரேட்டரில் ஸ்லைடைத் தூக்குவது மெல்லிய ரப்பர் சவ்வு. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு முழுதாக ஏறாது, வண்டி இழுக்காது. இந்தக் கோளாறை ஸ்க்ரூவால் தீர்க்கவே முடியாது. மேல் மூடியைக் கழற்றிச் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கழற்றுகிற பட்டறையிலும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. அடைத்த ஜெட்டைக் கேபிள் கம்பியால் குத்தும் வழக்கம் நம் ஊரில் வேரோடிப்போயிருக்கிறது. ஜெட் பித்தளை, கம்பி எஃகு. 0.40 மில்லிமீட்டர் துளை 0.42 ஆக அகன்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாக இறங்கும். அப்புறம் ‘மைலேஜ் குறைஞ்சுபோச்சு’ என்று வண்டி திரும்பி வரும், மறுபடி ஸ்க்ரூ சுழலும். அடைத்த ஜெட்டை பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதினாலே போதும்.

புல்லட் பிரியர்களின் ஆசை ஒன்றும் இங்கே குறுக்கிடுகிறது. ‘டப்... டப்... டப்...’ என்று எண்ணிவிடக்கூடிய மெதுவான பீட் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். மெக்கானிக்கும் ஐடில் ஸ்க்ரூவை இறக்கி, இக்னிஷன் டைமிங்கையும் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக் கொடுக்கிறார். கேட்க இனிமைதான். ஆனால் ஆயில் பம்ப் என்ஜினோடு சேர்ந்து சுழல்வது; என்ஜின் மெதுவானால் எண்ணெயும் மெதுவாகத்தான் மேலே ஏறும். டைமிங் பின்தங்கினால் சூடு கூடும், இழுவை குறையும். டியூனிங் என்ற பெயரில் நடந்தாலும் இது வண்டியின் ஆயுளைக் குறைக்கும் வேலை. இதில் மெக்கானிக்கைவிட உரிமையாளரின் பங்கே பெரிது.

புகைச் சான்று முறையும் இந்தக் கோணலுக்குத் துணைபோகிறது. 2000 மார்ச் 31-க்குள் தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. அதற்குப் பின், பிஎஸ்-6-க்கு முன் வந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு முறையே 3.5 சதவீதம், 4,500. இதை அளப்பது வண்டி நின்ற இடத்தில், ஐடிலில். அதாவது ஏர் ஸ்க்ரூ ஆளும் அதே மூலையில். சான்றுக்கு முன்னால் பெட்ரோலைச் சற்று இறுக்கிவிட்டு, சான்று கையில் வந்ததும் பழையபடி தளர்த்திக்கொள்ளும் வழி திறந்தே கிடக்கிறது. ஊசி தேய்ந்து ஊசி ஜெட் அகன்றுபோன வண்டி சாலையில் கரியைக் கக்கினாலும், ஐடிலில் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். ஆய்வகச் சோதனையில் வண்டியை ரோலர் மேல் ஏற்றி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் புகையைச் சேகரிக்கிறார்கள். ஒவ்வொரு பழைய வண்டியையும் அங்கே கொண்டுபோக முடியாது என்பது உண்மை. ஆனால் ஐடில் சோதனை ஒன்றே போதும் என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு பங்குக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. அப்படியென்றால் அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் (எஃப்ஐ) வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் கம்ப்யூட்டர் அதை உணர்ந்து கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அப்படி ஒரு அறிவு இல்லை; துளை எவ்வளவோ அவ்வளவுதான் இறங்கும். எனவே 1990-களின் வெறும் பெட்ரோலுக்கென ஜெட் வைத்த வண்டிகள் எல்லாம், யாரும் தொடாமலே, பெட்ரோல் குறைந்த ‘லீன்’ பக்கம் நகர்ந்துவிட்டன.

காதால் டியூன் செய்பவர் ஐடிலில் உச்சத்தைத் தேடும்போது தன்னையறியாமல் இந்த மாற்றத்தையும் ஈடுகட்டிவிடுவார். அது அந்த முறையின் உண்மையான பலம். ஆனால் அரை ஆக்சிலேட்டரிலும் முழு ஆக்சிலேட்டரிலும் லீன் அப்படியேதான் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி சூடாகி, இழுவை மங்கி நமக்குச் சொல்லிவிடும். ஆர்எக்ஸ்100 போன்ற வண்டியில் நெடுஞ்சாலை வேகத்தில் லீன் முற்றினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பட்டறையில் ஸ்டாண்டு போட்டு நிற்கும்போது அழகாக உறுமிய வண்டி அது.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழைய பழக்கம் இங்கே ஓரளவு கைகொடுக்கும். காப்பித்தூள் நிறம் என்றால் சரி, கரி பிடித்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு என்பது வாய்ப்பாடு. ஆனால் அந்த நிறங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பழகியவை. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. அதன்பின் பிளக்கில் நிறம் மெதுவாகவும் மங்கலாகவும்தான் படிகிறது. ஊருக்குள் நின்று நின்று வந்த வண்டியின் பிளக்கைக் கழற்றினால் தெரிவது ஐடிலின் கதை மட்டுமே. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் செய்வதுபோல், முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்துப் பிளக்கைப் பார்த்தால்தான் மெயின் ஜெட்டின் குணம் தெரியும். இதைப் பொதுச்சாலையில் யாரும் முயலக் கூடாது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இந்தக் கைத்தொழில் காப்பாற்றத் தக்கதே. கார்புரேட்டர் தன் வேலையை ஒளித்துவைப்பதில்லை. திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊட்டிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வண்டி திணறும். ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றி ஊசியை இறக்கினால் ஓரளவு தெளியும். இதைச் செய்ய ஸ்கேனர் வேண்டாம், நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். பட்டறைப் பையன் மாஸ்டரின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்ளலாம். முப்பது வருட வண்டி இன்றும் ஓடுவதற்கு இந்த அறிவு ஒரு காரணம்.

குறை, வேலையின் வரிசையில் இருக்கிறது. ஏர் ஃபில்டர், டப்பட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே காற்றுக் கசிவு, மிதவை நிற்கும் மட்டம், ஊசியின் தேய்மானம், ஜெட்டின் எண்: இத்தனையையும் பார்த்த பிறகு, என்ஜின் நன்றாகச் சூடான நிலையில், கடைசியாக வர வேண்டியது ஏர் ஸ்க்ரூ. நம் பட்டறைகளில் அது முதலில் வருகிறது. பல நேரம் அதோடு வேலையும் முடிகிறது. எத்தனை சுற்றில் நிறுத்தினோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால், அடுத்த மெக்கானிக் முதலிலிருந்து தொடங்குகிறார். வாகனத் தொழிலுக்கே பேர்போன இந்த வட்டாரத்தில் ஐடிஐக்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. பழைய வண்டிகளுக்கு இ20-க்கு ஏற்ற ஜெட் அளவுகளைச் சோதித்துப் பட்டறைகளுக்கு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பது அவற்றின் சக்திக்கு உட்பட்ட வேலை.

வண்டி வைத்திருப்பவர் செய்யக்கூடியது இன்னும் எளிது. அடுத்த முறை கார்புரேட்டர் கழற்றப்படும்போது பக்கத்தில் நில்லுங்கள். மெயின் ஜெட்டின் பித்தளை முகத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அதையும், ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதையும், ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்பதையும் ஆர்சி புத்தகத்தோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.