இரண்டு சொட்டு, இரண்டு நிமிடம்: ஐ-ஸ்டாட் எப்படி?

டயாலிசிஸைத் தவறவிட்ட ஒருவர் நள்ளிரவில் மூச்சு வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கக்கூடும். அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம், 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு எப்போது தடுமாறும் என்று சொல்ல முடியாது. லேபுக்குப் போன ரத்தம் உறைந்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ரிசல்ட் வார்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு நிமிடமாக்குவதுதான் ஐ-ஸ்டாட்டின் வேலை.

இமான்ட்ஸ் லாக்ஸ் 1983-இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனத்தின் கருவி இது. 2004 முதல் அபாட் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் பயன்பட்டிருக்கிறது.

பார்ப்பதற்குப் பழைய கார்ட்லெஸ் போன் போலிருக்கும். ஆனால் சூட்சுமம் எல்லாம் அதில் செருகும் கார்ட்ரிட்ஜில்தான். கெம்8+ என்ற வகையில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, அயனிக் கால்சியம் ஆகியவற்றோடு சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின் அளவும் கிடைக்கும். உள்ளே சின்னஞ்சிறு பையில் அளவு தெரிந்த திரவம் ஒன்று இருக்கிறது. கருவி முதலில் அதைச் சென்சார்கள் மேல் ஓடவிட்டுத் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது, பிறகே ரத்தத்தைத் தள்ளுகிறது. பொட்டாசியம் சென்சாரின் படலத்தில் வாலினோமைசின் இருக்கிறது. சோடியத்தை விட்டுவிட்டு பொட்டாசியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருள் அது.

கைப்பழக்கம் தேவைப்படுவது ரத்தம் ஊற்றும் இடத்தில். வேண்டியது 95 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் இரண்டு சொட்டு. சிரிஞ்சு நுனியைத் துளைக்கு நேரே பிடித்து, குறி வரை மட்டும் நிரப்பி, மூடியை அதன் ஓரத்தில் அழுத்தி மூட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் காற்றுக் குமிழி புகுந்தாலும் கருவி பிழைக் குறி காட்டிவிடும். அந்த கார்ட்ரிட்ஜ் வீண். ஏதாவது ஒரு சென்சார் மட்டும் நம்பும்படி இல்லையென்றால், அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் மூன்று நட்சத்திரங்கள் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தக் குணம் பாராட்டத்தக்கது.

ஆனால் எல்லா இடத்திலும் அது அப்படி நடந்துகொள்வதில்லை. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். லேபில் சீரம் சிவந்திருப்பதைப் பார்த்தே டெக்னீஷியன் கண்டுபிடித்துவிடுவார். ஐ-ஸ்டாட் முழு ரத்தத்தையே சோதிப்பதால் அதற்கு அது தெரியாது, 6.8 என்று தயங்காமல் காட்டிவிடும். ஈசிஜி இயல்பாக இருக்கிறது, ஊசி குத்தும்போது சிரமப்பட்டார்கள் என்றால் புதிதாக ரத்தம் எடுத்து இன்னொரு முறை பார்ப்பதே நல்லது.

சோடியத்தில் கதை வேறு. ரத்தத்தில் கொழுப்போ புரதமோ மிக அதிகமானால், ரத்தத்தை நீர்க்கச் செய்து அளக்கும் லேப் இயந்திரம் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். ஐ-ஸ்டாட் நீர்க்கச் செய்யாமல் அளப்பதால் இதில் ஏமாறாது. முறைகள் வேறு என்பதால், காலையில் லேப் எண், மாலையில் ஐ-ஸ்டாட் எண் என்று ஒரே சார்ட்டில் கலந்து எழுதுவது வம்பு. அயனிக் கால்சியம் தனி வரம். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றும்போது அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மொத்தக் கால்சியம் பார்க்கும் வழக்கமான சோதனையில் அது பிடிபடாது.

நம் ஊருக்குப் பெரிய இடைஞ்சல் வெப்பம். கருவி 16 முதல் 30 டிகிரிக்குள்தான் இயங்கும். ஏசி இல்லாத வார்டில் மே மாதம் அதை நம்ப முடியாது. கார்ட்ரிட்ஜ்களை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் கெம்8+ 14 நாள் தாங்கும், திரும்ப ஃபிரிட்ஜுக்குள் வைக்கக் கூடாது. இதே லாக்ஸ் பின்னாளில் உருவாக்கிய எபாக் கருவியின் அட்டைகளுக்கு ஃபிரிட்ஜே வேண்டாம் என்பது வேடிக்கை.

நாள் முழுக்க சாம்பிள் குவியும் பெரிய ஐசியு என்றால், 35 விநாடியில் ரிசல்ட் தரும் ரேடியோமீட்டரின் ஏபிஎல்90 போன்ற மேசைக் கருவியே கட்டுப்படியாகும். ஒரு நோயாளிக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் என்ற ஐ-ஸ்டாட்டின் கணக்கு, இரவில் லேப் மூடிவிடும் சிறிய மருத்துவமனைக்கும் டயாலிசிஸ் மையத்துக்கும் பொருந்தும். மெக்னீசியம் மட்டும் இதில் பார்க்க முடியாது. பொட்டாசியம் ஏற்றியும் ஏறாத நோயாளிக்கு மெக்னீசியம் குறைவா என்று அறிய லேபைத்தான் எழுப்ப வேண்டும்.